ஊர் வளர, ஓடை சுருங்க

ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், சுமார் 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ஊர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ராஜபாளையம் நகராட்சியில் 1,30,442 பேரும், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியில் 75,396 பேரும் வாழ்ந்தனர். ஒன்று பஞ்சும் நூலும் வளர்த்த தொழில் நகரம். மற்றொன்று ஆண்டாள் கோயிலைச் சுற்றி எழுந்த பழைய கோயில் நகரம். இரண்டுக்கும் நிலத்தின் வாட்டம் ஒன்றுதான். மேற்கே மலை, கிழக்கே சமவெளி. மலையில் பெய்யும் மழை இரண்டு ஊர்களையும் குறுக்கே கடந்துதான் வைப்பாற்றுப் படுகைக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஊர் பெருகும்போது அந்தத் தண்ணீருக்கும், அதை ஒட்டியிருந்த தோப்பு, நந்தவனம், மேய்ச்சல் வெளி ஆகியவற்றுக்கும் என்ன நேர்கிறது என்பதை இந்த இரு ஊர்களில் படிப்படியாகப் பார்க்கலாம். தமிழ்நாட்டின் நடுத்தர நகரங்கள் பலவற்றின் நிலையும் இதுவே.

வாட்டமும் வரிசையும்

விருதுநகர் மாவட்டம் மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. ஆண்டு சராசரி மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்த்துவிடும். மூன்று மாதத்தில் வருவதை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதால், ஆறு ஓடும் திசையில் கண்மாய்களை அடுத்தடுத்து அமைத்தார்கள் முன்னோர்.

கண்மாய் என்பது மூன்று பக்கம் கரையும், மேற்குப் பக்கம் திறந்த வாயும் கொண்ட தேக்கம். மலையிலிருந்தோ ஆற்றிலிருந்தோ வரத்துக்கால் வழியே தண்ணீர் உள்வாய்க்குள் வரும். கரையில் பொருத்திய மடை வழியாக அது ஆயக்கட்டு வயல்களுக்குப் பாயும். கண்மாய் நிறைந்து மிஞ்சும் தண்ணீர் கலுங்கு தாண்டி மறுகால் ஓடையில் இறங்கி, அடுத்த கண்மாய்க்கு வரத்தாகப் போகும். மேலே உள்ள கண்மாயின் மறுகால்தான் கீழே உள்ள கண்மாயின் வரத்துக்கால். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் கீழே உள்ள எல்லாக் கண்மாய்களும் பாதிக்கப்படும். மேலே வெள்ளம் தேங்குவதும் கீழே வறட்சி வருவதும் ஒரே அடைப்பின் விளைவுகள்.

ராஜபாளையத்தின் மேற்கே அய்யனார் கோயில் ஆறு மலையிலிருந்து இறங்குகிறது. அந்த ஆற்றுநீரைத் தேக்கும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் நகரின் குடிநீருக்கு நெடுங்காலமாக ஆதாரம். பிரண்டைக்குளம், கருங்குளம், கொண்டனேரி என்று நகரைச் சுற்றிக் கண்மாய்கள் பல உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு மலைப்பகுதி. ஊரை ஒட்டிய பெரியகுளம் கண்மாய் பெயருக்கேற்றபடி பெரியது. கலுங்கு தாண்டும் தண்ணீர் எங்கெங்கோ சுற்றி வைப்பாற்றில் கலந்து மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது.

நந்தவனமும் தெப்பக்குளமும்

பூங்கா என்று தனியே ஓர் இடத்தை வேலி போட்டு ஒதுக்கும் வழக்கம் நகராட்சிகளோடு வந்தது. அதற்கு முன்பும் ஊர்களில் பசுமைக்கும் திறந்த வெளிக்கும் பஞ்சமில்லை. கோயிலுக்கு நந்தவனம், ஊருக்கு மந்தை, நெல்லடிக்கக் களம், நிழலுக்குக் கண்மாய்க்கரை, பழத்துக்குத் தோப்பு என்று ஒவ்வொரு வெளிக்கும் ஒரு வேலை இருந்தது. அந்த வேலையைச் செய்ய ஆளும் இருந்தார்கள்.

இவற்றில் மிகப் பழையதாக எஞ்சி நிற்பது ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனம். பெரியாழ்வார் பூப்பறித்த இடமாகவும், துளசிச் செடியருகே ஆண்டாள் குழந்தையாகக் கிடைத்த இடமாகவும் வைணவ மரபு இதைப் போற்றுகிறது. வடபத்ரசாயி கோயிலுக்கும் ஆண்டாள் கோயிலுக்கும் நடுவே, 11 நிலை ராஜகோபுரத்துக்கு அருகில், ஊரின் விலை உயர்ந்த நிலத்துக்கு மத்தியில் இந்தத் தோட்டம் இருக்கிறது. சுற்றிலும் கடைகளும் வீடுகளும் நெருங்கிய பிறகும் இது மனையாகாமல் தப்பியதற்குக் காரணம் தெளிவு. நிலம் தெய்வத்தின் பெயரில் இருக்கிறது. வணங்க வருவோர் தினமும் இருக்கிறார்கள். பராமரிப்பவர் யார் என்பதில் குழப்பம் இல்லை.

இதே கோயிலின் தெப்பக்குளமான திருமுக்குளத்தின் நிலை சற்று வேறு. மார்கழியில் ஆண்டாளின் நீராட்டு விழா இதன் கரையில் நடப்பதால் குளத்தின் இடத்தை யாரும் தொடவில்லை. ஆனால் குளத்துக்கு இடம் மட்டும் போதாது, வரத்தும் வேண்டும். ஒரு கணக்குப் போட்டால் இது விளங்கும். குளத்தின் மேல் நேரடியாக விழும் மழை ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர், அதாவது ஒரு மீட்டருக்கும் குறைவு. தென் தமிழக வெயிலில் ஆவியாகிப் போவது ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல். ஆகவே வானத்தை மட்டும் நம்பும் எந்தத் தெப்பக்குளமும் ஆண்டு முழுவதும் தண்ணீரோடு இருக்க முடியாது. ஊரின் பல தெருக்களிலிருந்தோ ஒரு கண்மாயிலிருந்தோ வாய்க்கால் வந்து சேர்ந்தால்தான் தெப்பம் மிதக்கும். தமிழ்நாட்டின் கோயில் குளங்கள் பலவற்றில் படிக்கட்டும் சுவரும் பழுதுபார்க்கப்பட்டு, உள்ளே தண்ணீர் மட்டும் இல்லாமல் இருப்பதன் காரணம் வரத்து வாய்க்கால் தெருவுக்கும் வீட்டுக்கும் அடியில் போய்விட்டதுதான்.

தண்டவாளம், நூற்பாலை, குழாய்

20ஆம் நூற்றாண்டில் இரு ஊர்களின் முகமும் மாறியது. 1927இல் விருதுநகர் – தென்காசி ரயில் பாதை திறக்கப்பட்டது. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் ஆகிய ஊர்கள் ஒரே தடத்தில் வந்தன. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பின்னர் நூற்பாலைகள் பெருகின. பக்கத்துச் சத்திரப்பட்டி மருத்துவத் துணிக்குப் பெயர் பெற்றது. கரிசல் காட்டுப் பஞ்சு நூலாகவும், நூல் துணியாகவும், துணி கூலியாகவும் மாற, சுற்றுக் கிராமத்து மக்கள் நகரத்துக்கு வந்து குடியேறினார்கள்.

இந்த வளர்ச்சியின் திசை நீரின் திசைக்கு நேர் குறுக்கானது. தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. ரயில் பாதையும் மதுரை – தென்காசி நெடுஞ்சாலையும் அடிவாரத்தை ஒட்டி வடக்கிலிருந்து தெற்கே போகின்றன. மலையிலிருந்து வரும் ஒவ்வோர் ஓடையும் சாலையை ஒரு முறையும் தண்டவாளத்தை ஒரு முறையும் கடந்தாக வேண்டும். மேட்டுச் சாலை எதுவும் மழைக்காலத்தில் ஒரு கரைதான். அதில் விட்டிருக்கும் பாலத்தின் கண்ணளவுக்குத்தான் தண்ணீர் போகும். சாலையோரம் கடைகள் வந்து, பாலத்தின் இரு வாயிலும் மண் கொட்டி மேடாக்கிவிட்டால், எந்த மழையிலும் முதலில் முழங்கால் தண்ணீர் நிற்பது அந்த இடத்தில்தான். திருமங்கலம் – ராஜபாளையம் தடம் நான்கு வழிச் சாலையாக விரிவடையும் இந்தக் காலத்தில் பாலங்களின் அகலமும் எண்ணிக்கையும் அடுத்த அரை நூற்றாண்டின் வெள்ளத்தைத் தீர்மானிக்கும்.

நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது மக்களுக்குப் பெரும் வரம். காலராவும் வயிற்றுப்போக்கும் குறைந்ததற்கு அது முக்கியக் காரணம். அதன் கூடவே இன்னொன்றும் நடந்தது. ஊருணியிலும் கிணற்றிலும் தண்ணீர் எடுத்தவரை அதைச் சுத்தமாக வைத்துக்கொள்வது ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையாக இருந்தது. குழாய் வந்த பிறகு அந்தத் தேவை போனது. ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு கண்மாய் நிறைந்ததா என்று பார்க்கும் பழக்கமும் போனது. நிலத்தடியில் ஊறுவது அந்தக் கண்மாய்த் தண்ணீர்தான் என்பது கண்ணுக்குத் தெரியாத உறவு என்பதால், அது மறந்துபோவது எளிது.

வயல் மனையானால்

கண்மாயைக் காப்பாற்றி வந்தது ஆயக்கட்டு. வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக விவசாயிகள் வரத்துக்காலைத் தூர்வாரினார்கள், கரைக்கு மண் போட்டார்கள், மடையைத் திறந்து மூட நீர்பாய்ச்சியை வைத்து அவருக்கு நெல் அளந்தார்கள். உள்வாய் வண்டலை வண்டி கட்டி வயலுக்கு ஏற்றியதால் கண்மாயும் ஆழம் குறையாமல் இருந்தது. இந்தக் குடிமராமத்து முறைக்குச் சம்பளப் பட்டியலோ ஒப்பந்தப்புள்ளியோ கிடையாது. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கிப் பல மாவட்டங்களில் ஏரி, கண்மாய்களைத் தூர்வார நிதி ஒதுக்கியது. கிராமங்களில் பாசனதாரர் சங்கங்கள் இருப்பதால் வேலை நடந்தது. நகரத்துக் கண்மாய்க்குப் பாசனதாரரே இல்லாமல் போனால் சங்கம் எங்கிருந்து வரும்?

நகரத்தை ஒட்டிய நஞ்சையும் தோப்பும் மனைப்பிரிவாகும்போது சிக்கல் தொடங்குகிறது. ராஜபாளையம் சப்பட்டை, பஞ்சவர்ணம் போன்ற மாம்பழங்களுக்குப் பேர் போன ஊர். அடிவாரத்து மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் நகரத்தின் உண்மையான பசுமைப் பரப்பு. அரசுக் கணக்கில் அவை பூங்கா அல்ல. தனியார் பட்டா நிலம். விளைச்சலைவிட மனையின் விலை பல மடங்கு உயர்ந்தால், வாரிசுகள் பாகம் பிரிக்கும் சமயத்தில் தோப்பு விற்பனைக்கு வந்துவிடும். ஒரே நாளில் அழிக்கப்படுவதில்லை என்பதால் இந்த இழப்பு யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

மனைப்பிரிவு வந்ததும் மழைநீரின் கணக்கு மாறுகிறது. ஓர் ஏக்கர் நிலத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2 லட்சம் லிட்டர் தண்ணீர். உழுது வரப்பு கட்டிய வயலில் அதில் பெரும்பகுதி நின்று ஊறும். கூரையும் சிமெண்ட் தளமும் தார்ச்சாலையும் மூடிய இடத்தில் பெரும்பகுதி சிறிது நேரத்தில் சாக்கடைக்கு வந்துவிடும். பத்து ஏக்கர் தோப்பு மனையானால், முன்பு ஒரு வாரத்தில் மெல்லக் கசிந்து ஓடைக்கு வந்த தண்ணீர் ஒரே மாலையில் பாய்ந்து வரும். ஓடையின் அகலம் கூட வேண்டிய நேரத்தில், இரு பக்கமும் சுற்றுச்சுவர் எழும்பி அது குறுகுகிறது. மழையின் போக்கும் மாறிவருகிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விருதுநகர் மாவட்டத்தின் ஓர் ஆண்டு மழையைவிட அது அதிகம்.

வற்றாத ஓடை

நகரம் பெருகினால் ஓடை வற்றும் என்று நினைப்பது பாதி உண்மைதான். மழைநீர் ஓடை வற்றுகிறது; கழிவுநீர் ஓடை வற்றுவதே இல்லை. நாட்டின் குடிநீர் வழங்கல் நெறிமுறைப்படி, பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் தர வேண்டும். அதில் 80 சதவீதம் கழிவாக வெளியேறும் என்பது பொறியாளர்கள் எடுத்துக்கொள்ளும் கணக்கு. 2011 மக்கள்தொகையை வைத்துப் பார்த்தாலே ராஜபாளையத்துக்கு இது நாளுக்கு சுமார் 1.4 கோடி லிட்டர் ஆகிறது.

அய்யனார் கோயில் ஆற்று நீர் போதாமல் ராஜபாளையத்துக்குத் தாமிரபரணிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எடுக்கப்பட்டது. வேறொரு ஆற்றுப் படுகையின் தண்ணீர் குழாய் வழியே வந்து, வீட்டில் புழங்கி, வைப்பாற்றுப் படுகையில் கழிவாக வெளியேறுகிறது. கோடையிலும் ஓடும் ஓடை இப்படித்தான் உருவாகிறது. பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் முழுமையாக வேலை செய்யும்வரை, இந்த நீர் வாட்டத்தைப் பின்பற்றிக் கிழக்கே உள்ள கண்மாய்க்குத்தான் போகும். மேற்கே வரத்து அடைபட்டு, கிழக்கே கழிவு சேர்வதால், கண்மாயில் ஆகாயத்தாமரை மூடுகிறது. தண்ணீர் இருந்தும் பாய்ச்ச முடியாத நிலை வருகிறது. பிறகு கரையில் குப்பை கொட்டத் தொடங்குகிறார்கள். குப்பை மேடாகி, மேடு புறம்போக்காகி, அடுத்து என்ன கட்டலாம் என்ற பேச்சு எழுகிறது.

பேச்சு எழுந்தபின் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய நகரங்கள் சாட்சி. சென்னையில் 1920களில் நீண்ட ஏரியின் பரப்பை நிரவித் தியாகராய நகர் அமைந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. பெங்களூருவின் மெஜஸ்டிக் பேருந்து நிலையம் தர்மாம்புதி ஏரியில் நிற்கிறது. பயனற்றுப்போன ஏரி அரசுக்குக் கையகப்படுத்தும் செலவில்லாத நிலம். நடுத்தர நகரங்களுக்கும் அந்த ஆசை வரும் கட்டம் இது.

பத்து சதவீதப் பூங்கா

புதிய மனைப்பிரிவில் திறந்தவெளி ஒதுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கு விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டவும் இடமுண்டு. 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் ஒதுக்கீடே தேவையில்லை. சிறு நகரங்களில் தோப்புகள் துண்டு துண்டாகவே விற்பனைக்கு வருவதால், பூங்கா நிலம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் அது மனைகளுக்குப் பின்னால், விற்காத மூலையில் ஒதுக்கப்பட்ட சிறு துண்டாக இருக்கும்.

அனுமதியில்லாத மனைப்பிரிவுகளில் அந்தத் துண்டும் கிடையாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. அதையடுத்து 2017இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகள் கட்டணம் செலுத்தி அங்கீகாரம் பெறலாம். நீர்நிலையிலோ நீர்வழியை மறித்தோ அமைந்த மனைகளுக்கு இந்தச் சலுகை இல்லை. ஆனால் வீடு கட்டிக் குடியேறிவிட்ட தெருவில் கட்டணம் வசூலிக்க முடியுமே தவிரப் பூங்காவுக்கு நிலம் உண்டாக்க முடியாது.

சிறு துண்டுகளைவிட நீளமான பசுமைப் பட்டை அதிகப் பயன் தரும். மேற்கே காட்டில் இதற்கு ஆதாரம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988இல் சாம்பல் நிற அணில்களுக்காகச் சரணாலயம் அமைந்தது. அந்த அணில் கிளைக்குக் கிளை தாவிச் செல்லும் உயிரினம். மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது நடமாட முடியும். ஓடைக்கரை மரங்களே அதற்குப் பாதை. 2021இல் இந்தச் சரணாலயம் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாகி, சுமார் 1,016 சதுர கிலோமீட்டர் காடு பாதுகாப்புக்குள் வந்தது. நீர் பிறக்கும் இடம் இப்படிச் சட்டத்தின் காவலில் இருக்கிறது. மலையை விட்டு இறங்கி நகரத்துக்குள் அது நடக்கும் சில கிலோமீட்டருக்குத்தான் அப்படியொரு காவல் இல்லை.

ஒரே தண்ணீர், ஆறு அலுவலகம்

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊரின் பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சிக்கல் நிர்வாகத்தின் அமைப்பில் இருக்கிறது. மலையில் ஓடை வனத்துறையுடையது. சமவெளியில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையுடையது. சிறியது ஊராட்சி ஒன்றியத்துடையது. ஓடைப்புறம்போக்கின் ஆவணம் வருவாய்த் துறையிடம். தெருச் சாக்கடை நகராட்சியிடம். தெப்பக்குளம் அறநிலையத் துறையிடம். ஒரே தண்ணீர் சில மணி நேரத்தில் இத்தனை அலுவலகங்களின் எல்லையைக் கடந்துவிடுகிறது. அடைப்பு எங்கே என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவர் எல்லையைக் காட்ட முடியும்.

கோயம்புத்தூரில் இதற்கு ஒரு வழி முயலப்பட்டது. பொதுப்பணித் துறையின் நகரக் குளங்களை மாநகராட்சி குத்தகைக்கு எடுத்தது. பின்னர் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் போன்றவற்றின் கரைகளில் நடைபாதையும் பூங்காவும் அமைத்தது. மக்கள் கூட்டம் வந்தது. குப்பை கொட்டும் இடம் மாலைப்பொழுதுக்கான இடமானது. பாசனம் போன குளத்துக்குப் புதிய வேலை ஒன்று கிடைத்தால் அதைக் காக்க ஆள் சேரும் என்பதை இது காட்டியது. அதேவேளை, கரையை அழகுபடுத்துவதற்கு முன் கழிவுநீரை நிறுத்த வேண்டும் என்ற பாடத்தையும் அந்தக் குளங்களே கற்றுத்தந்தன.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அளவுள்ள நகரங்களுக்கு இன்னும் காலம் கடந்துவிடவில்லை. சுற்றிலும் தோப்பும் வயலும் மிச்சம் இருக்கின்றன. வேலைகளின் வரிசைதான் முக்கியம். முதலில் வரத்துக்கால்களையும் மறுகால் ஓடைகளையும் புல வரைபடத்தின்படி அளந்து கல் நட வேண்டும். கண்மாயைத் தூர்வாருவது அதற்குப் பிறகுதான், ஏனெனில் வரத்தில்லாத கண்மாயை ஆழப்படுத்துவது வீண் செலவு. அடுத்து, சாலையும் தண்டவாளமும் ஓடையைக் கடக்கும் பாலங்களைப் புதிய மழை அளவுக்கு அகலப்படுத்த வேண்டும். மூன்றாவதாக, சுத்திகரித்த கழிவுநீரைத் தொழிற்சாலைக்கும் தோப்புக்கும் அனுப்பி, கண்மாயை மழைநீருக்கு மட்டும் விட வேண்டும். நான்காவதாக, புதிய மனைப்பிரிவுகளின் 10 சதவீத நிலத்தை மூலைக்கு மூலை சிதறவிடாமல் ஓடைக்கரையோரமாகக் கேட்டு வாங்கினால், வெள்ளத்துக்கு இடமும் நடப்பதற்கு நிழலும் ஒரே நிலத்தில் கிடைக்கும். இவற்றுக்கெல்லாம் மேற்கிலிருந்து கிழக்கு வரை தண்ணீரின் முழுப் பாதைக்கும் பொறுப்பேற்கும் ஒரே குழு மாவட்ட அளவில் வேண்டும். ஆயக்கட்டு விவசாயிகள் செய்துவந்த காவல் வேலையை நகரத்தில் இனி அந்தக் குழுவும், கண்மாய்க்கரையைப் பயன்படுத்தும் குடியிருப்போரும்தான் ஏற்க வேண்டியிருக்கும்.